விக்கல் நரம்பும் மஞ்சள் கயிறும்

பார்சல் கட்டிய நூலை வெட்டாமல், பல்லால் கடித்து அறுக்காமல், முடிச்சைத் தேடி அவிழ்த்து எடுக்கிற மனிதர் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரே ஒருவரைப் பார்த்திருக்கிறேன். செஞ்சி கடைத்தெருவில் என் கறிக்கடைக்கு எதிர்வீட்டில் குடியிருந்த டாக்டரம்மா. இட்லி பார்சல் வாங்கி வந்தால் முதலில் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். பொட்டலத்தை இப்படியும் அப்படியும் திருப்பி நூலின் நுனியைத் தேடுவார். நுனி அகப்பட்டதும் அது எந்த வழியாகப் போகிறது, எதன் அடியில் நுழைகிறது, எங்கே போய் நிற்கிறது என்று விரலாலேயே தொடர்ந்து போவார். அதற்குள் சாம்பார் ஆறிப் போயிருக்கும். கடைசியில் நூலை நீட்டிப் பிடித்து, தெருவைத் தாண்டி வந்து என்னிடம் காட்டுவார்.

"பாத்தியா தம்பி, முழுசா வந்துடுச்சு."

நான் கத்தி பிடித்துப் பிழைக்கிறவன். என்னிடம் வந்து இதைக் காட்டினால் நான் என்ன சொல்ல?

"இட்லிய சாப்டீங்களாம்மா?" என்று கேட்பேன்.

"அட ஆமாம்" என்று திரும்பிப் போவார்.

அவர் வீட்டில் கத்தரிக்கோல் என்ற பொருளே கிடையாது. பால் பாக்கெட்டின் ஒட்டை நகத்தால் நெம்பிப் பிரிப்பார். பலாப்பழத்தைச் சுளை சுளையாக, ஒவ்வொரு நாரும் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துப் பார்த்து உரிப்பார். அவர் வீட்டில் பலாப்பழம் சாப்பிடப் போனால் சாப்பாட்டு வேளையே கடந்துவிடும். எங்கள் தெருவில் கேபிள் டிவிக்காரன் ஒயர்களைச் சிக்கலாக்கிவிட்டுப் போன நாளில், வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த ஒயர் எந்த வீட்டுக்குப் போகிறது என்று மொத்தத்தையும் பிரித்துக் காட்டினார். அதில் ஒரு ஒயர் பணமே கட்டாத ஒரு வீட்டுக்குப் போவதும் தெரிந்துவிட்டது. அந்த வீடு என் மச்சினன் வீடு. போகட்டும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி திறந்தார்கள். ஊரிலேயே அதிகம் படித்தவர் என்று டாக்டரம்மாவைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை, பத்து மணி. பத்தரைக்கு ராகு காலம். தட்டில் கத்தரிக்கோலை வைத்து நீட்டினான் பேக்கரிக்காரன்.

"இன்னாத்துக்கு வெட்டணும்? கட்டின எடத்துல அவுத்தா வந்துடப் போவுது" என்றார் டாக்டரம்மா.

சொல்லிவிட்டு ரிப்பனைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே நடந்தார். ரிப்பன் ஷட்டரைச் சுற்றி, பெயர்ப்பலகையின் கம்பியில் ஏறி, அங்கிருந்து கரண்ட் பெட்டிக்குப் போயிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சு. ஸ்டூல் கேட்டார். ஸ்டூல் வந்தது. பேக்கரிக்காரன் கடிகாரத்தைப் பார்க்கிறான், ரிப்பனைப் பார்க்கிறான், அழாத குறை. "அம்மா, ஒரே ஒரு கட்டு கட் பண்ணிடுங்கம்மா" என்று கெஞ்சினான். "இரு இரு, கடைசி முடிச்சுதான்" என்றார். கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது ராகு காலம் ஜோராக நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேக்கரியில் இன்றைக்கும் கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் அதன் பிறகு ஊரில் யாரும் அவரைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிடவில்லை.

அவர் உடற்கூறு படித்த டாக்டர். அதாவது, செத்தவர்களின் உடம்பைப் பிரித்துப் பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற டாக்டர். தொண்டூர்ப் பக்கம் பிறந்தவர். அவருடைய நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் இவர்தான். மகள் டாக்டராகிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நைனா, என்ன டாக்டர் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாராம். "உசுரோட இருக்கறவங்களுக்கு ஊசி போடக் கூடாதாடி?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்று செஞ்சிக்கு வந்த புதிதில், காய்ச்சல் சளி என்று ஜனங்கள் வாசலில் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"நான் செத்தவங்க டாக்டர். நீ இன்னும் சாவல. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போ."

என் கடைக்கு அவர் வந்தால் வியாபாரம் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நான் கழுத்துக் கறியில் கத்தியை ஓங்கும்போது, பின்னாலிருந்து "நிறுத்து!" என்று ஒரு குரல் வரும். நான் அப்படியே நிற்பேன். வாங்க வந்தவர்களும் நிற்பார்கள்.

"அதுல ஒரு கெள இருக்குது தம்பி. ஒரு நாளைக்கு எத்தினி கெளைய வெட்டித் தள்ளறன்னு உனக்குத் தெரியுமா?"

"அண்ணே, கெளயெல்லாம் எனக்கு வேணாம், தொடக்கறி குடு" என்பான் வரிசையில் நிற்கிறவன்.

அந்தக் கிளைதான் அவர் கண்டுபிடித்தது. எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தபடியே சொல்கிறேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தட்டுப்போல ஒரு தசை இருக்கிறது. அது திடீரென்று துள்ளினால் விக்கல். அந்தத் தசையை ஆட்டிவைக்கிற நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. இதயத்துக்குப் போகிற நரம்பும் அதன் பக்கத்திலேயே இறங்குகிறது. கழுத்தும் நெஞ்சும் சேர்கிற இடத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே முடியைவிடக் கொஞ்சம் தடிப்பாக ஒரு சின்னக் கிளை ஓடுகிறது. அவ்வளவுதான் விஷயம். இது ஏன் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை? உடம்பைப் பிரிக்கிறவர்கள் எல்லோரும் பெரிய நரம்பைச் சுத்தமாகக் காட்டவேண்டும் என்று சுற்றியிருக்கிற நாரையெல்லாம் கத்தரித்து எறிந்துவிடுவார்கள். அந்த நாரோடு நாராக இந்தக் கிளையும் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மாதான் எதையும் வெட்டமாட்டாரே. அவர் கண்ணில் பட்டுவிட்டது.

இதை ஒருநாள் என் மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"விக்கல் வந்தா யாரோ நெனைக்கிறாங்கன்னு பச்சக் கொழந்தைக்குக் கூடத் தெரியும். நெஞ்சுலேர்ந்து விக்கலுக்கு லைன் போவுதுன்னு கண்டுபுடிக்க இவ்ளோ படிப்பா?"

நான் இதைப் போய் டாக்டரம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன், சண்டை வரும் என்று ஆசையாக. அவரோ கைதட்டிச் சிரித்தார். "நான் இருவது பக்கம் எழுதினத உன் வூட்டுக்காரி ஒரே வார்த்தையில சொல்லிட்டாளே" என்றார்.

விக்கல் எடுக்கிறவனைக் கண்டால் விடமாட்டார். கழுத்தின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "தண்ணி குடிக்காத. நல்லா விக்கு. இன்னும் ரெண்டு விக்கு" என்பார். ஒருமுறை சீயமங்கலம் போகிற பஸ்ஸில் கண்டக்டருக்கு விக்கல். பஸ் நின்றுகொண்டிருக்கும்போது விரலை வைத்தவர், பஸ் கிளம்பிய பிறகும் எடுக்கவில்லை. சாயங்காலம்தான் திரும்பி வந்தார். "டிக்கெட் கேக்கறதுக்கு அந்தப் புள்ளயால முடியல தம்பி, பாவம்" என்றார்.

இத்தனை பாடுபட்டதற்கு அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. மாணவர்கள் படிக்கிற பாடப்புத்தகம் ஒன்றில், அந்த நரம்பைப் பற்றிய பக்கத்தின் அடியில், "சிலரிடம் இங்கே ஒரு சிறு கிளை இருக்கலாம்" என்று ஒரு வரி. அந்தப் புத்தகத்தை எழுதியவர் அவருக்கு மேலே வேலை பார்த்த பெரிய டாக்டர். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கிளையைப் பார்க்கும்போதெல்லாம், "மேடம், இது நரம்பு இல்ல, வெறும் நூல்" என்பாராம். இவருடைய நச்சரிப்புத் தாங்காமல்தான் அந்த ஒரு வரியைப் போட்டிருந்தார்.

அந்த வரிக்குத்தான் ஆபத்து வந்தது. பெரிய டாக்டர் புத்தகத்தைத் திருத்தி எழுதுகிறாராம். போன் பண்ணினார். உங்களைத் தவிர வேறு யாரும் அதை நரம்பு என்று சொல்லவில்லை, நீங்கள் பிரித்த உடம்புகளையும் எப்போதோ தகனம் செய்துவிட்டார்கள், போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் இந்த முறை அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்றார். டாக்டரம்மா போனில் நிறைய வாதாடினார். கடைசியில் பெரிய டாக்டர் இறங்கி வந்தார். "ஆட்டுல காட்டினாக்கூடப் போதும் மேடம். ஒரே ஒரு எடத்துல அறுபடாம முழுசாக் காட்டுங்க. வரியும் நிக்கும், கல்லூரி மியூசியத்துலயும் வெக்கறேன். காட்ட முடியலன்னா என்னைக் கோச்சுக்காதீங்க."

போனை வைத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தார். முகம் வாடிப் போயிருந்தது. இந்த மனுஷி ஒரு வரிக்காக இப்படி உருகுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, துக்கமாகவும் இருந்தது.

"தம்பி, எனக்கு ஒரு முழு ஆடு வேணும்."

"ஜோரா தரேம்மா."

"கழுத்த அறுக்கக் கூடாது."

"அப்புறம் எப்படிம்மா ஆடு சாவும்?"

அதுதான் சிக்கல். அவருக்கு வேண்டிய கிளை சரியாக நாங்கள் கத்தி வைக்கிற பக்கத்தில் இருந்தது. தானாகச் செத்த ஆடுதான் சரி. அன்றிலிருந்து டாக்டரம்மா ஆடு மேய்க்கிறவர்களை மடக்கி, "உன் ஆடு எதுனா சாவற மாதிரி இருக்குதா?" என்று கேட்க ஆரம்பித்தார். ராஜகிரிக் கோட்டைச் சரிவில் ஆடு மேய்க்கிற ஒரு பெண், இந்த அம்மாவைக் கண்டாலே ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் ஏறிவிடுவாள். கண் வைத்துவிடுவார் என்று பயம்.

கடைசியில் நெல் மண்டி கைகொடுத்தது. ஒரு கிடா கட்டை அவிழ்த்துக்கொண்டு போய், காயப்போட்டிருந்த நெல்லை ஆசை தீரத் தின்று, மேலே தண்ணீரையும் குடித்து, வயிறு உப்பிச் செத்துவிட்டது. ஆட்டுக்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அந்தக் கறியை யாரும் வாங்கமாட்டார்கள். செய்தி கேட்டு டாக்டரம்மா ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். துக்க வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். "அடப் பாவமே" என்று வாய் சொல்கிறது. கை அதற்குள் ஆட்டின் கழுத்தைத் தடவிப் பார்க்கிறது. கண்ணில் தீபாவளி.

நீல டிரம் ஒன்றில் மருந்துத் தண்ணீர் ஊற்றி ஆட்டை ஊறப்போட்டார். அந்த நெடி அடித்தால் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்த முன்அறைதான் அவருக்கு உலகம். ஒரு சின்ன இடுக்கி, மழுங்கிய ஊசி, பழைய டூத் பிரஷ். இவற்றை வைத்துக்கொண்டு சதையைத் துணுக்குத் துணுக்காக ஒதுக்கி, நரம்பை மட்டும் விட்டுவைக்கிறார். மத்தியானம் கடை அடைத்துவிட்டு நான் போய் விளக்குப் பிடிப்பேன். ஒரு முழு ஆட்டை நான் எவ்வளவு சுருக்கில் உரித்து, வெட்டி, நிறுத்துப் போடுகிறவன்! இவர் ஒரு காதைத் தாண்டவே ஒரு வாரம் பிடித்தது. எலும்பை மட்டும் உளியால் உடைத்தார்.

"இப்ப மட்டும் வெட்டலாமா?" என்று மடக்கினேன்.

"இது வெட்டறதில்ல தம்பி. கதவத் தட்டறது" என்றார்.

மாசி மாதம் வேலை முடிந்தது. கறுப்புத் துணி போர்த்திய ஒரு பலகையில் அதை விரித்து, சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தார். மேலே மூளை. மூளையிலிருந்து இரண்டு நரம்பு இறங்கி, அதன் நுனியில் இரண்டு கண்கள் முழித்துக்கொண்டிருந்தன. கீழே தண்டுவடம். அதிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் வெள்ளை வெள்ளையாக ஆயிரம் இழைகள். இத்தனை காலம் நான் வெட்டிய ஒவ்வொரு ஆட்டுக்குள்ளும் இது இருந்திருக்கிறது. அந்தக் கிளையை மட்டும் எவ்வளவு முறைத்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

பெரிய டாக்டர் திண்டிவனத்துக்கு ரயிலில் வருவதாகச் சொன்ன நாள் மயானக் கொள்ளை நாள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு எங்கள் பக்கத்தில் அன்றைக்குத்தான் பெரிய விசேஷம். சாமி வந்தவர்கள் ஆட்டுக்குடலை வாயில் கவ்விக்கொண்டும் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டும் ஊர்வலமாகச் சுடுகாட்டுக்குப் போவார்கள். தெருவெல்லாம் பம்பைச் சத்தம். டாக்டரம்மா இதையெல்லாம் யோசிக்கவில்லை. காலையிலேயே அவரை அழைத்துவரத் திண்டிவனம் கிளம்பிவிட்டார். பலகையில் இருப்பது காய்ந்துவிடக் கூடாது. எனக்கோ கடையில் கூட்டம். அதனால் வீட்டுச் சாவியை என் மனைவி கையில் கொடுத்து, "அப்பப்போ கொஞ்சம் தண்ணி மட்டும் தெளிம்மா, வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

என் மனைவி அதுவரை அந்த அறைக்குள் போனதே இல்லை. அவள் அமாவாசை தவறாமல் மலையனூர் போகிறவள். கதவைத் திறந்தால் எதிரே ஆளுயரத்துக்கு, விரித்துப் போட்ட தலைமுடியோடு, முழித்த கண்ணோடு, ஆட்டின் உள்ளுறுப்பில் செய்த ஓர் உருவம். அதுவும் மயானக் கொள்ளை அன்றைக்கு. அவள் வேறு என்னதான் நினைப்பாள்? டாக்டரம்மா ரகசியமாக அம்மனுக்கு ஏதோ பெரிய வேண்டுதல் செய்துகொண்டிருக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

நான் ஈரலை நிறுத்துக்கொண்டிருந்தேன். தெருக்காரன் ஒருவன் வந்து, "இன்னா அண்ணே, டாக்டரம்மா வூட்டுல அம்மனுக்குப் படையலாமே, அண்ணி சொல்லவேல்ல" என்றான். தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வாசலில் பெண்கள் வரிசை. உள்ளே கற்பூரம். மூளையின் முன்பக்கம் பெரிதாகக் குங்குமப் பொட்டு. ஆணியில் எலுமிச்சம்பழம். மருந்து நெடியில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர் கொட்டுகிறது. "பாரு, எப்பிடி உருக்குறா ஆத்தா" என்று ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். என் மனைவி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, இன்னாடி இது?"

"இத்தினி நாளா அந்தம்மா சாமியே கும்புடலன்னு நெனச்சனேங்க" என்று விசும்பினாள். "சுமங்கலி சாமி. கழுத்து வெறுங் கழுத்தா இருந்துது. அதான் குங்குமம் வெச்சி மஞ்சக் கயிறு கட்டிட்டேன்."

கழுத்து! எந்த இடம் என்று குனிந்து பார்த்தேன். கழுத்தும் நெஞ்சும் சேர்கிற இடம்தான். தாலி கிடக்கிற இடமும் அதுதானே. அங்கே நனைந்த மஞ்சள் கயிறு இரண்டு நரம்புக்கும் நடுவில் அழகாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மாதக்கணக்கான உழைப்பு. கிளை அறுந்திருந்தால் வரியும் போச்சு, எல்லாம் போச்சு.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

டாக்டரம்மா உள்ளே வந்தார். பொட்டைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவருக்குப் பின்னால் வந்த பெரிய டாக்டர் வழுக்கைத் தலையர், வயதானவர். பூசை, புகை, பெண்கள் எதையும் கண்டுகொள்ளாமல் நேராகப் பலகைக்குப் போனார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கழுத்துக்குக் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேடம்" என்றார். "இதுவா? இவ்ளோ தெளிவா இருக்குதே! இங்கேர்ந்து கெளம்பி இங்க போய்ச் சேருது. இத்தன வருஷமா இல்லன்னு சொல்லிட்டனே. நான் ஒத்துக்கறேன் மேடம். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் விரல் மஞ்சள் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

என் மனைவி வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். டாக்டரம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். சும்மா இருங்கம்மா, அவரே ஒத்துக்கொண்டார், வரி நின்றுவிட்டது, கயிறாவது நரம்பாவது, யார் கேட்கப் போகிறார்கள்? டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பெரிய டாக்டரைப் பார்த்தார்.

"சார், அது கயிறு" என்றார்.

"கயிறா?"

"மஞ்சக் கயிறு. இந்தப் பொண்ணு காலையில கட்டினது. அவ்ளோ வருஷம் நரம்பப் பாத்து நூல்னு சொன்னீங்க. இன்னிக்கு நூலப் பாத்து நரம்புன்னு சொல்றீங்க. செத்த உக்காருங்க, காப்பி குடிங்க. நான் இத அவுத்துக் காட்டறேன்."

பெரிய டாக்டர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கைக்கு வந்ததைத் தட்டிவிட்டாரே என்று அப்போது எனக்கு அவ்வளவு கோபம்.

"அம்மா, கயித்த அறுத்துடட்டுமா?" என்று என் மனைவி பதறிப்போய்க் கேட்டாள். கேட்டதுதான் தாமதம், வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். "ஐயையோ! சாமி கழுத்துல கட்டின கயித்த அறுக்கறதா? அவுக்கத்தான் வேணும்!"

டாக்டரம்மா திரும்பி அவர்களைப் பார்த்தார். எதையும் வெட்டக்கூடாது என்று அவர் சொன்னபோதெல்லாம் சிரித்த ஊர் அது. அன்றைக்கு ஊரே அவர் கட்சியில் நின்றது.

மூன்று முடிச்சு. ஈரத்தில் இறுகிப் போயிருந்தது. மழுங்கிய ஊசியால் ஒவ்வோர் இழையாக நெகிழ்த்தினார். வெளியே பம்பையும் உடுக்கையுமாக ஊர்வலம் போனது. பெண்கள் அதன் பின்னால் போய்விட்டார்கள். நாங்கள் நாலு பேர் மட்டும் இருந்தோம். கடைசி முடிச்சு அவிழ்ந்து கயிறு கையோடு வந்தபோது, அதன் அடியில், இரண்டு வெள்ளை நரம்புகளுக்கு நடுவே, இத்தனூண்டு சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. என் மனைவி வைத்த குங்குமம் ஈரக் கிளையில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. அறுபடவில்லை. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அதைப் பார்த்தேன். பெரிய டாக்டரும் அன்றைக்குத்தான் அதைச் சரியாகப் பார்த்தார். டாக்டரம்மாவின் ஊசியை வாங்கி அதன் அடியில் கொடுத்து மெல்லத் தூக்கினார். கோடு எழும்பி வந்தது. அந்தப் பக்கம் ஒரு நரம்பில் பிடித்திருந்தது, இந்தப் பக்கம் இன்னொரு நரம்பில்.

"இருக்குது" என்றார். பிறகு தயங்கினார். "ஆனா மேடம், நரம்பா நாரான்னு மைக்ராஸ்கோப்லதான் உறுதியாத் தெரியும். நான் இன்னிக்கே ஒரு தப்பு பண்ணிட்டேன். இன்னொரு தப்பு பண்ண விரும்பல. இத வெட்டி எடுத்துட்டுப் போகணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. இது நடக்காது. இட்லிப் பொட்டலத்தின் நூலையே வெட்டாத மனுஷி.

டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்து, "உன்னாண்ட கத்திரிக்கோல் இருக்குதில்ல, ஜாக்கெட் தைக்கறது? எடுத்துட்டு வா" என்றார்.

"வேணாம்மா" என்றேன் நான். கத்தி பிடிக்கிற தொழில்காரன் சொல்கிறேன், "வெட்டாதீங்கம்மா" என்று. "இவ்ளோ பாடுபட்டு வெச்சிருக்கீங்க. அது ஒண்ணுதாம்மா இருக்குது."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க தம்பி. பாத்தாத்தான் நம்புவாங்க" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு வெட்டு, இந்தப் பக்கம் ஒரு வெட்டு. பெரிய டாக்டர் நீட்டிய சின்ன பாட்டிலில் அதைப் போட்டு மூடினார். கத்திரிக்கோலை என் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பங்குனியில் போன் வந்தது. என் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, செருப்புக்கூடப் போடாமல், கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"தம்பி! நரம்புதான்! நரம்புதானாம்!"

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நரம்புதானாம்பா!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்ப கறி வெல கொறையுமா?" என்று கேட்டான் ஒருவன்.

புதிய புத்தகம் வந்தபோது அந்தப் பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து படித்துக் காட்டினார். "இருக்கலாம்" என்ற வார்த்தை போய்விட்டது. "இங்கே ஒரு சிறு கிளை உண்டு" என்று இருந்தது. அவர் பெயர் அதில் இல்லை. அதை நான்தான் கவனித்தேன். அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அதற்குச் சில வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், நாற்காலியில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். மடியில் ஒரு மல்லிகைச் சரம், பாதி பிரித்த நிலையில்.

பலகையை அந்தக் கல்லூரி மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வருஷம் நானும் என் மனைவியும் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூளை, கண், தண்டுவடம், ஆயிரம் இழைகள் என்று எல்லாம் அப்படியே இருந்தன. கழுத்தின் அடியில் மட்டும் சின்னதாக ஓர் இடைவெளி. ஓர் அரிசி நீளம்தான் இருக்கும். அதைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள். படிக்கிற பெண் ஒருத்தி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா, ஒண்ணுமே இல்லியே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"இருந்தது சார். இருக்குன்னு நிரூபிக்க எடுத்துட்டாங்க" என்றாள் அந்தப் பெண்.

எல்லோரும் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, அந்த ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து, நல்ல ஆண்பிள்ளை, இத்தனை ஆட்டை வெட்டினவன், விம்மி விம்மி அழுதேன்.